ஆங்கில மனுவில் 'மாற்றம்': தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டையில் மனு எழுதுவது என் தொழில். என்னிடம் வேலை பழக வரும் பிள்ளைகள், 'மாற்றம்' என்று காதில் விழுந்ததுமே 'சேஞ்ச்' என்று தட்டிவிடுகிறார்கள். எழுத்துப்பிழையைக் கம்ப்யூட்டரே சிவப்புக்கோடு போட்டுக் காட்டிவிடும். இதைக் காட்டாது.

'கரெக்‌ஷன்' கேட்க வேண்டிய இடத்தில் 'சேஞ்ச்'

இன்றைக்கும் எனக்குக் கோபம் வருவது இதில்தான். இசக்கி என்ற பெயரை ஆங்கிலத்தில் ஒருவர் 'ஐ'யில் தொடங்குவார், இன்னொருவர் 'ஈ'யில் தொடங்குவார். அம்பாசமுத்திரம் பக்கத்துப் பெண் ஒருத்திக்குப் பள்ளிச் சான்றிதழ் முழுக்க 'ஈ'. பிறப்புச் சான்றிதழில் மட்டும் 'ஐ'. பதிவில் நேர்ந்த பிழை அது. என்னிடம் பழகிய தம்பி, 'நேம் சேஞ்ச்' என்று தலைப்பு வைத்து மனுவை அடித்துக் கொடுத்துவிட்டான். கவுன்ட்டரில் இருந்தவர் தலைப்பை மட்டும் பார்த்தார். "பேர் மாத்தணும்னா கெஜட்டுக்குப் போங்க." அவர்களும் போனார்கள். பணம் கட்டி, காத்திருந்து, அறிவிப்பும் வந்தது. பிறப்புச் சான்றிதழ் அப்படியேதான் இருந்தது.

"ரெண்டும் ஒண்ணுதான அண்ணாச்சி?" என்றான் தம்பி.

ஒன்றில்லை. கெஜட் அறிவிப்பில் 'ஹென்ஸ்ஃபோர்த்' என்று ஒரு சொல் வரும். 'இனிமேல் இப்பெயர்' என்று பொருள். பழைய பதிவு தப்பு என்று அது எங்கேயும் சொல்லவில்லை. பதிவே தப்பு என்றால் 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுக்குத்தான் போக வேண்டும். அங்கே சொல் 'கரெக்‌ஷன்'. மூலப் பதிவில் 'ஆல்ட்ரேஷன்', அதாவது மாற்றம், எதுவும் செய்யாமல், ஓரத்தில் திருத்தம் எழுதிப் பதிவாளர் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும் என்கிறது சட்டம். திருத்தம் வேறு, மாற்றம் வேறு என்று சட்டமே ஒரே வரியில் பிரித்துவைத்திருக்கிறது. ஆகவே மனுதாரரிடம் முதலில் கேளுங்கள்: ஆரம்பத்திலேயே தப்பாக விழுந்ததா, இப்போது புதுசாக வேண்டுமா? பதில் தெரியாமல் தலைப்பு அடிக்காதீர்கள்.

தென்காசிக்காரர்களின் 'அட்ரஸ் சேஞ்ச்'

2019-இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டமானது. அதில் சேர்ந்த சங்கரன்கோவில்காரருக்கு அதே தெரு, அதே கதவு எண்தான். 'அட்ரஸ் சேஞ்ச்' என்று எழுதினால், வீடு மாறியதற்கு ஆதாரம் கேட்பார்கள். மாவட்டம் பிரிந்தது, 'பைஃபர்கேஷன்' என்று எழுதுங்கள்.

'ரிப்ளேஸ்', 'சப்ஸ்டிட்யூட்'

'ரிப்ளேஸ்' போட்டால் பழைய பெயர் முதலில், நடுவில் 'வித்', பிறகு புதுப்பெயர். 'சப்ஸ்டிட்யூட்' போட்டால் புதுப்பெயர் முதலில், நடுவில் 'ஃபார்'. வங்கி நாமினியாக இருந்த அப்பாவை எடுத்துவிட்டு மனைவியைப் போடச் சொல்லும் கடிதத்தில் வரிசை புரண்டால், அர்த்தமும் புரண்டுவிடும். சந்தேகம் இருந்தால் 'ரிப்ளேஸ்' மட்டும் போதும்.

'கன்வெர்ஷன்', 'டிரான்ஸ்ஃபர்'

நஞ்சை வீட்டுமனையானால் 'கன்வெர்ஷன்'. பட்டாவில் ஆள் மாறினால் 'டிரான்ஸ்ஃபர்'.

'டிரான்ஸ்ஃபார்மேஷன்'

மனுவில் வேண்டவே வேண்டாம்.