சிறிய அறுவை சிகிச்சை, இதயம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையில் மயக்கவியல் மருத்துவராகப் பணிபுரியும் நான், குடலிறக்க அறுவைக்கு வருபவர்களின் சீட்டில் "சிறிய அறுவை, இதயத்துக்குப் பாதிப்பில்லை" என்று பயிற்சி மருத்துவர்கள் எழுதுவதை இன்றும் பார்க்கிறேன். என் முதல் ஆண்டுகளில் நானும் அப்படித்தான் எழுதினேன்.

இரத்தக் குழாயின் உட்புறத்தில் ஒற்றை அடுக்காகப் படர்ந்துள்ள எண்டோதீலிய உயிரணுக்கள் நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து குழாயை விரியச் செய்கின்றன. இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்கள் ஒட்டாமலும் காக்கின்றன. உடலில் கத்தி பட்டதும் இரத்தத்தில் அழற்சிப் பொருள்கள் பெருகுவதால் அந்தச் சுரப்பு குறைகிறது, இரத்தமும் எளிதில் உறைகிறது. அறுவை உடலின் வேறு இடத்தில் நடந்தாலும் அதன்பின் கைத் தமனியின் விரியும் திறன் குறைவதை அல்ட்ராசவுண்டில் அளந்து பார்த்திருக்கிறார்கள். கையில் நடப்பது இதயத் தமனியிலும் நடக்கக்கூடும்.

ஸ்டென்ட் மாத்திரையை நிறுத்துவது

என்னை இன்றும் கோபப்படுத்தும் தவறு இதுதான். மேலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவருக்குத் தை மாதம் மாரடைப்பு வந்து, அடைபட்ட இதயத் தமனியைத் திறந்து வைக்கும் மருந்து பூசிய வலைக்குழாயான ஸ்டென்ட்டை வைத்திருந்தார்கள். குடலிறக்கம் அவசரமானது அல்ல. ஆனால் அழகர் ஆற்றில் இறங்குவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று வீட்டார் விரும்பியதால், பங்குனியிலேயே வேறோர் இடத்தில் அறுவை நடந்தது. இரத்தம் கசியும் என்று அஞ்சி, ஸ்டென்ட்டில் இரத்தம் உறையாமல் காக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாத்திரைகள் இரண்டையும் ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். இதய மருத்துவரை யாரும் கேட்கவில்லை. இரண்டாம் நாள் இரவு ஸ்டென்ட் அடைபட்டு, நான் பணியில் இருந்த தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்கு வந்தார். "அவுகதான் நிறுத்தச் சொன்னாக, டாக்டரம்மா" என்று அவர் சொன்னபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. உயிர் பிழைத்தார், ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி நிரந்தரமாகச் செயலிழந்தது.

மாரடைப்புக்காக ஸ்டென்ட் வைத்தவரின் அவசரமற்ற அறுவையை முடிந்தவரை ஓராண்டு தள்ளிப்போட வேண்டும். தள்ள முடியாத நிலையில், அறுவை மருத்துவரும் இதய மருத்துவரும் கலந்து பேசியே முடிவெடுக்க வேண்டும். பெரும்பாலும் ஆஸ்பிரினைத் தொடரச் சொல்வார்கள். பல் பிடுங்குவதற்காக இவற்றை நிறுத்துவது தேவையற்றது, ஏனென்றால் அங்கே கசியும் இரத்தத்தைப் பஞ்சை அழுத்தியோ தையல் போட்டோ நிறுத்திவிடலாம்.

அறுவையின்போது ஆஸ்பிரின் கொடுப்பதால் மாரடைப்பு குறையவில்லை, இரத்தக் கசிவே கூடியது என்று சுமார் 10,000 பேரிடம் நடந்த 2014 ஆய்வைச் சில இளம் மருத்துவர்கள் எனக்கு எடுத்துக்காட்டுகிறார்கள். மருந்து பூசிய ஸ்டென்ட் வைத்து ஓராண்டு நிறையாதவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை என்ற வரியை அவர்கள் படிப்பதில்லை.

வலி இல்லை என்று நிம்மதி அடைவது

அறுவைக்குப் பின் இதயத் தசையில் ஏற்படும் சேதம் பெரும்பாலும் முதல் மூன்று நாள்களுக்குள், நெஞ்சுவலியே இல்லாமல் நிகழ்கிறது. வலி நிவாரணிகளும் அதை மறைத்துவிடுகின்றன. ஆகவே, இதய நோயுள்ளவர் அறுவைக்குப் பின் உள்நோயாளியாகத் தங்கினால் இதயத் தசையின் சேதத்தைக் காட்டும் டிரோபோனின் இரத்தப் பரிசோதனை செய்வது நல்லது. வீடு திரும்பியவருக்கு மூச்சிரைப்போ வியர்வையோ வந்தால், வாயுப் பிடிப்பு என்று சோடா கொடுத்துக் காத்திருக்கக் கூடாது.

பீட்டா பிளாக்கர்

இதயத் துடிப்பைக் குறைக்கும் இந்த மாத்திரையைத் தினமும் சாப்பிடுபவர் திடீரென நிறுத்தக் கூடாது. சாப்பிடாதவருக்கு அறுவை நாளன்று புதிதாகத் தொடங்கக் கூடாது.

டைக்ளோஃபெனாக்

இந்த வலி நிவாரணி இதய நோயாளிக்கு வேண்டாம்.