காலைக் குளிரில் பழைய டீசல் கெப் ஸ்டார்ட் ஆகாவிட்டால்

தை, மாசியில் நுவரெலியாப் பக்கம் புல்லெல்லாம் உறைபனி. பழைய கெப் (பிக்கப் வண்டி) அடம்பிடிப்பதும் அப்போதுதான். எதையும் வாங்க முன் காதையும் கண்ணையும் பாவியுங்கள். நியூட்ரல், ஹேண்ட்பிரேக், சில்லுக்குக் கல்.

1. சத்தத்தைக் கேளுங்கள்

சாவியைத் திருப்பினால் "கட கட கட" என்று தொடர்ந்து அடிக்கிறதா? பற்றரியில் பலமில்லை. மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் என்றால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். முதலில் டெர்மினலில் பூத்திருக்கும் பொடியைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி, வயர் பிரஷ்ஷால் தேய்த்து இறுக்குங்கள். சார்ஜ் ஏற்றிய பிறகும் ஸ்டார்ட்டர் (எஞ்சினைச் சுழற்றும் மோட்டார்) சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பற்றரி முடிந்தது.

ஒரே ஒரு "டக்", ஹெட்லைட்டும் மங்கவில்லை என்றால் பற்றரி மேல் பழி போடாதீர்கள். ஸ்டார்ட்டர் சொலனொய்டுக்குள் (மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் காந்தச் சுவிட்ச்) செப்புத் துண்டுகள் தேய்ந்திருக்கும். பழைய ஹைலக்ஸில் இது சர்வசாதாரணம். செப்பை மட்டும் மாற்றினால் போதும். முழு மோட்டாரை வாங்கச் சொன்னால் யோசியுங்கள்.

2. நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லையா? புகையைப் பாருங்கள்

ஒருவரை சைலன்சர் பக்கம் நிறுத்தி 10 செக்கன் ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். அடுத்த முறைக்கு ஒரு நிமிடம் ஆறவிடுங்கள்.

வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. பெரும்பாலும் ஹீட்டர் பிளக் (குளிரில் எஞ்சினுக்குள் சூடேற்றுவது) பழுது. மேலே உள்ள இணைப்புத் தகட்டைக் கழற்றி, ஒவ்வொரு பிளக் தலைக்கும் எஞ்சின் உடம்புக்கும் நடுவே ஓம் பாருங்கள். 1 ஓம் அளவில் காட்டினால் நல்லது. மீட்டர் அசையாவிட்டால் செத்தது. பற்றரியிலிருந்து நேரே வயர் கொடுத்துச் சோதிக்காதீர்கள், சில பிளக் 6 வோல்ட். ஸ்டார்ட்டிங் ஸ்பிரே வேண்டவே வேண்டாம்: சூடான பிளக்கில் பட்டால் வெடித்துப் பற்றும்.

3. புகையே இல்லையென்றால்

டீசல் பம்பில் ஒரு வயர் போகும் ஸ்டாப் சொலனொய்டைத் (டீசலைத் திறந்து மூடும் மின் வால்வு) தேடுங்கள். சாவி ஓனில் இருக்க, அந்த வயரைக் கழற்றி மாட்டினால் "டிக்" கேட்க வேண்டும். கேட்கவில்லையா? வயரில் 12 வோல்ட் இருந்தால் சொலனொய்டு பழுது, இல்லாவிட்டால் பியூஸிலிருந்து தேடுங்கள்.

டிக் கேட்டும் புகை இல்லையென்றால் டீசல் குழாயில் காற்று. மேட்டைப் பார்த்து நிறுத்திய கெப்பில் இரவோடு டீசல் டாங்கிக்கு வடிந்துவிடும். பில்டர் தலையிலுள்ள கைப்பம்பின் வெடித்த ரப்பர் வழியே காற்று ஏறும். பம்பைக் கெட்டியாகும்வரை அமுக்குங்கள். பிறகும் பிடிக்காவிட்டால் இன்ஜெக்டருக்கு (எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் முனை) வரும் குழாய் நட்டுகள் இரண்டை அரைச் சுற்றுத் தளர்த்தி, ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். நுரை நின்று வெறும் டீசல் கசிந்ததும் இறுக்குங்கள். விரலைக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள், அந்த அழுத்தம் தோலைத் துளைக்கும்.

அன்றிரவு இறக்கத்தைப் பார்த்து நிறுத்திவையுங்கள். காலையில் ஒரே சுற்றில் பிடித்தால் மாற்ற வேண்டியது கைப்பம்பு, அல்லது டாங்கியிலிருந்து வரும் ரப்பர் குழாய்.