தெளிந்த ஆழத்தில் மஸ்கி: ஜோர்ஜியன் குடாப் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரொறன்ரோவிலிருந்து 400ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே இரண்டரை மணி நேரம் ஓடினால், ஹியூறன் ஏரியின் ஒரு பகுதியான ஜோர்ஜியன் குடாவின் கிழக்குக் கரை ஊரான பரி சவுண்ட் வந்துவிடும். படகில் ஏறி வெளியே போய்க் குனிந்து பார்த்தால், நாலைந்து மீற்றர் கீழே கிடக்கும் பாறையின் வெடிப்புக்கூடத் தெரியும். "இவ்வளவு தெளிந்த தண்ணி, மீன் இருந்தால் கண்ணில படாமலா போகும்?" என்று முதன்முதலாக வருகிறவர்கள் கேட்பார்கள். நானும் அப்படி நம்பித்தான் மூன்று முறை போனேன். மூன்று முறையும் ஒரு மஸ்கிகூட (மஸ்கிலஞ்ச் என்னும் பெரிய நன்னீர் வேட்டை மீன்) தூண்டிலில் ஏறவில்லை. பிறகுதான் விளங்கியது: இந்தத் தண்ணீரில் நாம் மீனைக் காண்பதற்கு வெகு முன்பே மீன் நம்மைக் கண்டுவிடுகிறது. எந்த மாதம் போவது, எந்த நேரம் வீசுவது, படகில் எங்கே நிற்பது எல்லாமே இதிலிருந்துதான் தொடங்குகின்றன.

எங்கள் ஆட்கள் செய்கிற முதல் தவறு நாட்காட்டியில் இருக்கிறது. பிள்ளைகளின் விடுமுறையைப் பார்த்து ஓகஸ்ட்டில் கொட்டேஜ் எடுப்போம், காலைச் சாப்பாடு முடித்துப் பத்து மணிக்குப் படகை இறக்குவோம், வெயில் ஏறியதும் களைத்துத் திரும்புவோம். தெளிந்த நீரில் உச்சி வெயில் நேரம்தான் மஸ்கி ஏமாறுவதற்கு மிகவும் கடினமான நேரம். விடியலுக்கு முந்திய அரை மணி, பொழுது சாய்ந்த பின் ஒரு மணி, மேகம் மூடிய நாள், காற்று நீர்ப்பரப்பை உடைத்துச் சிறு அலை எழுப்பும் நேரம், இவைதான் உங்களுடைய நேரம். பகலில் தூங்கிவிட்டு இருட்டில் மீன்பிடிக்கிறவர்களும் உண்டு. ஓகஸ்ட்டில்தான் முடியும் என்றால் வெப்பமானியும் கொண்டு போங்கள். உள்குடாக்களில் மேல்நீர் 26, 27 பாகை செல்சியஸைத் தொட்டுவிட்டால் தயவுசெய்து மஸ்கிக்கு வீசவே வேண்டாம். சூடான நீரில் போராடிக் களைத்த மஸ்கி நீந்திப் போவதுபோலப் போய்ப் பிறகு செத்துப்போகும். அன்றைக்கு பாஸ் மீன் பிடிக்கலாம்.

முடியுமானவர்கள் ஒக்ரோபரைப் பாருங்கள். ஒன்ராறியோவின் மிகப் பெரிய மஸ்கி என்ற சாதனை இன்றும் கென் ஓ'பிரையன் 1988 ஒக்ரோபரில் பிடித்த மீனுக்குத்தான். 65 இறாத்தல் எடை, 58 அங்குல நீளம். பிடிபட்டது இதே ஜோர்ஜியன் குடாவில், மூன் ஆறு வந்து சேரும் பக்கத்தில். காலம் பொருந்துவதற்குக் காரணம் இருக்கிறது. குளிர் தொடங்கும்போது மேல்நீர் கனத்துக் கீழிறங்க, கோடை முழுவதும் சூடான மேலடுக்காகவும் குளிர்ந்த கீழடுக்காகவும் பிரிந்து கிடந்த ஏரி ஒன்றாகக் கலக்கிறது. சிஸ்கோ, வைற்ஃபிஷ் ஆகிய கொழுத்த இரைமீன்கள் இலையுதிர்காலக் கடைசியில் முட்டையிடப் பாறைத் திட்டுகளை நாடி வரும். மஸ்கி அவற்றின் பின்னால் வரும்.

அடுத்தது இடம். குடாவின் பரப்பு ஏறக்குறைய 15,000 சதுர கிலோமீற்றர். கிழக்குக் கரையை முப்பதாயிரம் தீவுகள் என்றே சொல்கிறார்கள். மூன்று நாள் பயணத்தில் இதை முழுவதும் பார்க்கப் புறப்படுகிறவர், மீன்பிடித்ததைவிட எரிபொருள் எரித்ததே அதிகம் என்ற நிலையில் திரும்புவார். ஒரு குடா, அதன் வாய், வெளியே இரண்டு மூன்று பாறைத் திட்டுகள், பக்கத்தில் ஓர் ஆழமான பள்ளம். மூன்று நாளுக்கு இது தாராளம். ஒரே இடத்துக்கு வேறு வேறு வெளிச்சத்தில் நாலு தரம் போவது, நாற்பது இடத்துக்கு ஒவ்வொரு தரம் போவதைவிட எவ்வளவோ மேல்.

"ஆழமான ஏரி, அப்படியானால் ஆழத்தில்தான் மீன்" என்ற கணக்கும் பிழைக்கும். மஸ்கியின் கண் மேல்நோக்கிப் பார்த்து வேட்டையாட அமைந்தது. 25 மீற்றர் ஆழத்துக்கு மேலே, 4, 5 மீற்றரில், எதிலும் ஒட்டாமல் நடுநீரில் சிஸ்கோக் கூட்டத்துக்குப் பக்கத்தில் நிற்கும். ஒலிமானித் (ஒலியலையால் மீனைக் காட்டும் கருவி) திரையில் இரைமீன் முகில்போலத் தெரிந்தால், தூண்டில் இரையை அதற்குள் விடாதீர்கள், அதற்கு மேலாக இழுங்கள். நீர்த்தாவரத்திலும் இதே மாதிரியான ஒரு சங்கதி உண்டு. கலங்கிய ஏரியில் 2 மீற்றரோடு நின்றுவிடும் பாசி, வெளிச்சம் ஆழம்வரை இறங்கும் தெளிந்த நீரில் 5 மீற்றரிலும் வளரும். கரையோரம் கண்ணுக்குத் தெரிகிற பாசியில் மட்டும் வீசிவிட்டு வருகிறவர்கள், அந்த ஆழமான வெளி விளிம்பைத் தவறவிடுகிறார்கள். பெரிய மீன் நிற்பது அங்கேதான்.

தண்ணீர் தெளிவென்று பயந்து நூலை மெலிதாக்குவது இன்னொரு தவறு. மஸ்கியின் பல் சாதாரண தங்கூசியை ஒரு கடியில் அறுத்துவிடும். அறுந்தால் மீன் வாயில் கொக்கியோடு திரியும். 80 அல்லது 100 இறாத்தல் பின்னல் நூல், அதன் முனையில் 100 முதல் 130 இறாத்தல் ஃபுளோரோகாபன் லீடர் (பல்லுக்கு அறுபடாத தடித்த முனைநூல்). தடிப்பான லீடரைக் கண்டு மஸ்கி ஓடிவிடாது. அதன் சந்தேகத்தைக் கிளறுவது மெதுவாக வரும் இரை. தெளிந்த நீரில் மீனுக்குப் பார்த்து யோசிக்க அவகாசம் கிடைக்கிறது. அதனால் பகலில் வேகமாக இழுங்கள், இருட்டிய பின் மெதுவாக, ஒரே சீராக.

இனி நான் அதிகம் இழந்த இடத்துக்கு வருகிறேன். மஸ்கி இரையைத் துரத்திப் படகுவரை வந்து, கடிக்காமல் திரும்பும் பழக்கமுள்ளது. பத்தாயிரம் வீச்சுக்கு ஒரு மீன் என்று அதைச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். இழுத்து முடித்ததும் இரையைத் தூக்கிவிடாமல், தடியின் நுனியை நீருக்குள் அமிழ்த்தி 8 என்ற இலக்க வடிவில் அகலமாக ஓர் எட்டுப் போட வேண்டும். கலங்கிய நீரில் பின்தொடரும் மீன் இரைக்கு ஓர் அடி பின்னால் வரும். இங்கே இரண்டு மூன்று மீற்றர் பின்னால், அதுவும் கீழே, நிழல்போல வரும். அதைக் காணவில்லை என்பதற்காக எட்டை விட்டுவிடாதீர்கள், ஒவ்வொரு வீச்சிலும் போடுங்கள். வளைவில் ஆழமாக இறக்குங்கள், நேர்கோட்டில் வேகமாக்குங்கள், குறைந்தது மூன்று சுற்று. மீன் தெரிந்ததும் "ஐயோ, அந்தா!" என்று எழும்பி ஓரத்துக்கு ஓடி வருவதுதான் எங்கள் படகில் வழக்கமாக நடந்தது. மீன் அந்த அசைவைப் பார்த்து இறங்கிவிடும். குனிந்து நில்லுங்கள், போலறைஸ்ட் கண்ணாடி அணியுங்கள், தட்டுமுட்டுச் சாமான் படகின் தரையில் உருளாமல் பாருங்கள். வந்து திரும்பிய மீனின் இடத்தை உடனே ஜிபிஎஸ்ஸில் குறித்துவிட்டு வேறு பக்கம் போங்கள். பொழுது சாயும்போது அதே இடத்துக்குத் திரும்பினால் அந்த மீன் பெரும்பாலும் அங்கேயே நிற்கும். என் முதல் மஸ்கி அப்படி, மத்தியானம் முகம் காட்டிவிட்டு மாலை ஏழரைக்குக் கடித்ததுதான்.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. ஊரில் கச்சான் என்போமே, அந்த மேற்குப் பக்கக் காற்று இங்கே தடையில்லாத திறந்த நீரைக் கடந்து கிழக்குக் கரையில் வந்து மோதும். காலையில் கண்ணாடிபோலக் கிடந்த திட்டு, பின்னேரம் சிறிய படகை விழுங்கும். பாறைகள் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒளிந்திருக்கும், நீர்மட்டமும் ஆண்டுக்காண்டு ஏறி இறங்கும். ஆகவே கனடிய நீரியல் சேவையின் வரைபடம் இல்லாமல் வெளியே போகாதீர்கள். பல இடங்களில் கைத்தொலைபேசிக்குச் சமிக்ஞை கிடைக்காது. ஒக்ரோபர் நீரில் விழுந்தால் கைகால் மரத்துப்போக நிமிடங்கள் போதும். உயிர்காப்பு அங்கியைப் படகில் வைத்திருந்தால் போதாது, உடம்பில் இருக்க வேண்டும்.

சட்டம் சுருக்கமானது. குடாவில் மஸ்கிப் பருவம் ஜூன் மூன்றாம் சனிக்கிழமை தொடங்கி டிசெம்பர் 15இல் முடியும். 137 செ.மீ.க்கு மேற்பட்டதை மட்டுமே வைத்திருக்கலாம். மலிவான மீன்வளப் பாதுகாப்பு (Conservation) மீன்பிடி அனுமதிப்பத்திரம் எடுத்தவர் ஒன்றுகூட வைத்திருக்க முடியாது. புறப்படுமுன் அந்த ஆண்டின் விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய மீன் கறிக்கு நல்லதென்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மஸ்கி முப்பது வயதுவரை வாழக்கூடியது. வயதான கொன்றுண்ணி மீனின் சதையில் பாதரசம் சேர்ந்திருக்கும். சமையலுக்கு வேறு மீன் பிடியுங்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது மீன் ஏறிய பிறகு நடப்பது. தூண்டில் தடிக்கு நானூறு டொலர் கொடுத்தவர், அத்தாங்கில் காசை மிச்சம் பிடிக்கிறார். ரப்பர் பூசிய, ஆழமான, பெரிய வலை வேண்டும். மீனைத் தண்ணீருக்குள்ளேயே வலைக்குள் விட்டு, முப்பது செ.மீ. நீளக் குறட்டால் கொக்கியைக் கழற்ற வேண்டும். கழறாவிட்டால் கொக்கி வெட்டியால் நறுக்கிவிடுங்கள். இரண்டு டொலர் கொக்கிக்காக மீனின் செவுளைக் கிழிக்காதீர்கள். அதே வெட்டி உங்கள் கையில் கொக்கி ஏறினாலும் உதவும். படம் எடுப்பதானால் கமெரா முதலில் தயாராகட்டும், பிறகு மீனைத் தூக்குங்கள். ஒரு கை செவுள் மூடியின் உட்பக்கம், மறு கை வயிற்றின் கீழ், கிடையாக, சில விநாடிதான். தாடையில் பிடித்துத் தொங்கவிட்டால் அதன் எடையே அதன் முள்ளந்தண்டைக் குலைத்துவிடும்.

விடும்போது நிமிர்த்திப் பிடித்து, வாலடியைப் பற்றிக்கொண்டு காத்திருங்கள். அது தானாக உதறிக்கொண்டு போகட்டும். போன பிறகும் இயந்திரத்தை உடனே இயக்காமல் பத்து நிமிடம் அங்கேயே நில்லுங்கள். சில மீன்கள் சற்றுத் தள்ளி வயிறு மேலாக மிதந்து வரும். தண்ணீர் தெளிவாக இருப்பதால் அந்த வெள்ளை வயிறு தூரத்திலிருந்தே தெரியும். மெல்லப் போய் மறுபடி நிமிர்த்திப் பிடியுங்கள்.