முதல் சர்வதேச கேனோ ஸ்பிரிண்ட் போட்டி: தராசிலிருந்து முடிவுக்கோடு வரை

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், துடுப்புப் படகுப் பந்தயமான கேனோ ஸ்பிரிண்டின் பெண்கள் சி-1 200 மீட்டர் இறுதியில் கனடாவின் கேட்டி வின்சென்ட் 44.12 விநாடியில் முடித்தார். அமெரிக்காவின் நெவின் ஹாரிசன் 44.13. அந்த வேகத்தில் விநாடியில் நூறில் ஒரு பங்கு என்பது நாலரை சென்டிமீட்டர் தூரம். தொடக்கத்தில் படகு லேசாகக் கோணி நின்றாலே அதைவிட அதிகம் போய்விடும். ஆண்டு முழுக்கப் பயிற்சி செய்து சேர்த்த வேகத்தைப் போட்டி வாரத்தில் சிந்திவிடாமல் இருப்பதற்கான வழிகள் இவை.

பெயர்கள் முதலில். ‘கே’ என்றால் கயாக்: உட்கார்ந்து, இருபக்கத் துடுப்பால், காலால் சுக்கானைத் திருப்பி ஓட்டுவது. ‘சி’ என்றால் கேனோ: ஒரு முழங்காலை ஊன்றி, ஒற்றைத் துடுப்பால், சுக்கானே இல்லாமல் ஓட்டுவது. பின்னால் வரும் எண் எத்தனை பேர் என்பது. பாரிஸில் பத்துப் பந்தயங்கள் நடந்தன. ஆண்களின் கே-1, சி-1 இரண்டும் 1000 மீட்டர், பெண்கள் சி-1 மட்டும் 200 மீட்டர், மற்றவை எல்லாம் 500. உலகப் போட்டியில் இவற்றோடு வேறு தூரங்களும் உண்டு, 5000 மீட்டர் உட்பட.

படகும் தராசும்

ஊர்விட்டு ஊர் 5.20 மீட்டர் படகைத் தூக்கிப் போவது கடினம் என்பதால், பல அணிகள் போட்டித் திடலிலேயே படகை வாடகைக்கு எடுக்கின்றன. அதனால் உங்கள் அளவுகள் தலையில் இருந்தால் போதாது, தாளில் இருக்க வேண்டும். இருக்கையின் முன்விளிம்பிலிருந்து கால்பலகை வரை எத்தனை மில்லிமீட்டர், இருக்கையின் உயரம் எவ்வளவு, துடுப்பின் நீளம், துடுப்பின் இரு அலகுகளுக்கும் (நீரைத் தள்ளும் தட்டையான முனைகள்) இடையிலான கோணம்: இவை எல்லாவற்றையும் சொந்தப் படகில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கேனோக்காரர்கள் முழங்கால் மெத்தை படகின் மூக்கிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை அளக்க வேண்டும். படகை எடுக்கும்போது உங்கள் உடல் எடைக்கு ஏற்ற அளவுதானா என்று கேளுங்கள். எடைக்குப் பெரிய படகு நீரில் மிதப்பாக நின்று காற்றில் அலையும். சிறியது அமிழ்ந்து இழுக்கும்.

சுக்கானைப் படகின் பின்னால் நின்று பாருங்கள். பாதங்களுக்கு நடுவே உள்ள குச்சி நேராக நிற்கும்போது சுக்கான் அலகும் படகின் நடுக்கோட்டில் நிற்க வேண்டும். சுக்கானை இழுக்கும் கம்பி தளர்ந்திருந்தால் நீங்கள் திருப்பியபின் சற்றுத் தாமதமாகவே படகு திரும்பும். உடனே நீங்கள் கூடுதலாகத் திருப்புவீர்கள், படகு பாம்புபோல் நெளியும். ஏற்றி இறக்கும்போது சுக்கான் தரையில் இடித்து வளைவது வாடகைப் படகுகளில் சகஜம். வளைந்ததைக் கையால் நிமிர்த்தி ஓட்டாதீர்கள், மாற்றித் தரச் சொல்லுங்கள்.

குறைந்தபட்ச எடை விதி எல்லோருக்கும் தெரியும்: கே-1 12 கிலோ, கே-2 18, கே-4 30, சி-1 14, சி-2 20. தெரிந்தும் தகுதியிழப்பு நடக்கிறது. பெரும்பாலும் காரணம் ஈரம். பயிற்சி முடித்த கையோடு, மெத்தையில் ஈரம் இருக்கும்போது நிறுத்துப் பார்க்கிறார்கள். 12.05 காட்டுகிறது, நிம்மதியாகப் போய்விடுகிறார்கள். மறுநாள் வெயிலில் காய்ந்த அதே படகு 11.95. எனவே முழுக்க உலர்ந்த படகை, போட்டித் திடலின் அதிகாரபூர்வத் தராசில் நிறுங்கள். சொந்தத் தராசின் கணக்கு அங்கே செல்லாது. 100 கிராமாவது கூடுதலாக வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். 100 கிராமால் பந்தயம் தோற்பதில்லை, 10 கிராம் குறைந்தால் பந்தயமே இல்லை. எடை சேர்க்க நேர்ந்தால் இருக்கைக்குக் கீழே, தாழ்வாக, அசையாதபடி பிணைத்து வையுங்கள். மூக்கிலோ வாலிலோ வைத்தால் படகின் சமநிலை மாறும். தளர்வாகக் கிடக்கும் எதுவும் எடையாகக் கணக்கில் வராது.

படகின் அடிப்பரப்பில் நீர் வழுக்கும் பூச்சு எதையும் பூசக் கூடாது. வெறும் நீரும் மென்துணியும் போதும்.

காற்று

ஒன்பது தடங்கள், ஒவ்வொன்றும் 9 மீட்டர் அகலம். உங்கள் தடம் தெரிந்ததும் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கரையில் நின்று பாருங்கள், தொடக்க இடத்துக்குப் போகும்போது மறுபடி பாருங்கள். எதிர்க்காற்றில் துடுப்பின் நீளத்தைச் சற்றுக் குறைக்கலாம், அரை முதல் ஒரு சென்டிமீட்டர், அதற்கு மேல் வேண்டாம். மாற்றியபின் துடுப்பின் நீளப் பூட்டு நழுவாமல் இருக்க இணைப்பில் டேப் சுற்றி, மேலே பேனாவால் கோடு போட்டு வையுங்கள்.

குறுக்குக் காற்று கேனோவுக்குத்தான் பெரிய சோதனை. இடப்பக்கம் துடுப்பிடுபவருக்கும் வலப்பக்கம் துடுப்பிடுபவருக்கும் ஒரே தடம் இருவேறு பந்தயமாகிவிடும். முழங்கால் மெத்தையை ஓரிரு சென்டிமீட்டர் முன்னே நகர்த்தினால் மூக்கு அமிழ்ந்து பிடித்துக்கொள்ளும், காற்று பின்பக்கத்தைத் தள்ளும், படகு காற்றை நோக்கித் திரும்பும். பின்னே நகர்த்தினால் மூக்கு லேசாகிக் காற்றோடு போகும். உங்கள் பக்கத்துக்கு எது உதவும் என்பதைக் காற்றடிக்கும் பயிற்சி நாளிலேயே கண்டுபிடித்துக் குறித்து வைத்திருக்க வேண்டும். பந்தயக் காலையில் சோதித்துப் பார்ப்பது தவறு.

தொடக்கம்

பெரிய போட்டிகளில் தானியங்கித் தொடக்கம். படகின் மூக்கு கிண்ணம் போன்ற ஒரு பிடிக்குள் நிற்கும். ஒலி எழும்போது பிடி நீருக்குள் இறங்கும். முதன்முறை வருபவர்கள் அதிகம் இழப்பது இங்கேதான், எனவே பயிற்சி நேரத்தில் இந்தப் பிடியைப் பயன்படுத்த வாய்ப்பு கிடைத்தால் ஒருமுறையும் விடாதீர்கள்.

1. பிடிக்குள் மெதுவாக நுழையுங்கள். வேகமாக வந்து மோதினால் படகு பின்னுக்குத் தெறிக்கும், அடுத்த தடத்துக்காரர் தயாராகும்போது நீங்கள் இன்னும் தடுமாறிக்கொண்டிருப்பீர்கள்.

2. மூக்கு பிடிக்குள் இருப்பதால் காற்று வாலைத்தான் தள்ளும். தொடக்க அதிகாரி ‘ரெடி’ சொல்வதற்கு முன்பே பக்கவாட்டுத் துடுப்பு வீச்சால் வாலை நேராக்குங்கள். கோணியபடி புறப்பட்டால் முதல் ஐந்து வீச்சும் திசை திருத்தவே செலவாகும்.

3. எதிர்க்காற்றில் படகு பிடியிலிருந்து நழுவிப் பின்னே போகும், மென்மையான சிறு வீச்சுகளால் முன்னே நிறுத்துங்கள். பின்காற்றில் படகு தானாகவே அழுத்தி நிற்கும், அப்போது கூடுதலாகத் தள்ளாதீர்கள்.

4. ‘செட்’ என்றதும் அலகு முழுதும் நீருக்குள் போயிருக்க வேண்டும், உடல் அசையக் கூடாது. ஒலிக்கு முன் இழுத்தால் மூக்கு இன்னும் இறங்காத பிடியில் முட்டி நிற்கும். முந்த நினைத்தவர் கடைசியாகப் புறப்படுவார்.

முதல் வீச்சு உங்கள் வலுவான பக்கத்தில். முதல் மூன்று நான்கு வீச்சுகளில் அவசரம் வேண்டாம்: அலகு முழுதும் மூழ்கிய பிறகே இழுங்கள். பாதி மூழ்கிய அலகு காற்றை நீருக்குள் இழுத்து வழுக்கும், கை வேகமாகச் சுழலும், படகு நின்ற இடத்தில் நிற்கும். படகு ஓடத் தொடங்கியதும் வீச்சு எண்ணிக்கையை ஏற்றுங்கள்.

நடுவழி

200 மீட்டரில் உச்ச வேகத்தை எட்டி, அது சரிவதைத் தள்ளிப்போடுவதே வேலை. 500, 1000 மீட்டரில் உச்ச வேகத்திலிருந்து பந்தய வேகத்துக்கு இறங்கும் அந்த மாற்றம்தான் கடினம். வீச்சு எண்ணிக்கை குறையலாம், ஒவ்வொரு வீச்சின் அழுத்தம் குறையக் கூடாது. இரண்டையும் சேர்த்துத் தளர்த்துபவர் 1000 மீட்டரின் இரண்டாம் 250-இல் காணாமல் போகிறார். கே-4-இல் இந்த மாற்றத்தை முன்னால் இருப்பவர் சொல்லாமலே நால்வரும் ஒரே வீச்சில் செய்ய வேண்டும். எத்தனையாவது வீச்சில் என்று முன்கூட்டியே எண்ணி முடிவு செய்வது நல்லது.

தடத்தின் நடுவிலேயே இருங்கள். அடுத்த படகுக்கு 5 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது, ஏனென்றால் முன்னே போகும் படகின் அலை பக்கத்தில் வருபவரைத் தள்ளிக்கொண்டு போகும். 5000 மீட்டரில் அலையில் தொற்றிப் போவது ஒரு கலை, 1000 வரையிலான தூரங்களில் அது தகுதியிழப்பு. விலகுவது தெரிந்ததுமே சுக்கானைச் சிறிதாகத் தொடுங்கள். தாமதித்துப் பெரிதாகத் திருப்பினால் சுக்கான் பிரேக் போடும். திடீரென்று படகு கனத்தால் சுக்கானில் களை சிக்கியிருக்கலாம், களை உள்ள நீர்நிலையில் சுக்கானுக்கு முன் களைத்தடுப்பு பொருத்தப்பட்டிருக்கிறதா என்று முன்பே பாருங்கள்.

தகுதிச் சுற்றில் எத்தனையாவது இடம் வரை மேலே போகிறது என்பதை அட்டவணையில் படித்துவிட்டு நீரில் இறங்குங்கள். தேவைக்கு மேல் செலவழிக்க வேண்டாம்தான், ஆனால் நல்ல இடம் பிடித்தவர்களுக்கே அடுத்த சுற்றில் நடுத் தடங்கள் கிடைக்கும்.

கோடும் அதற்குப் பிறகும்

நேரம் கணக்கிடப்படுவது படகின் மூக்கு கோட்டைத் தொடும்போது. அதனால் கடைசி வீச்சோடு உடலைப் பின்னே சாய்த்து, கால்களால் படகை முன்னே உந்துவார்கள். கோட்டுக்கு ஒரு வீச்சு முன்னரே உந்தினால் படகு மெதுவாகிவிடும். உந்தும்போது கவிழ்வதும் உண்டு, கோட்டைத் தாண்டும் முன் படகைவிட்டு விழுந்தால் அந்த ஓட்டம் கணக்கில் இல்லை. இதைத் தனியாக, மிதவையைக் குறிவைத்து, வாரத்துக்கு ஒருமுறையாவது பழகுங்கள்.

முடித்ததும் மறுபரிசோதனைக்கு உங்கள் தடம் எண்ணை அழைத்தால் வேறெங்கும் கரை ஒதுங்காமல் நேரே அங்கே போங்கள். படகில் எதையும் ஏற்றாதீர்கள், எதையும் கழற்றாதீர்கள், யாரும் தொட அனுமதிக்காதீர்கள். உள்ளே சேர்ந்த நீரைக் கொட்டிவிட்டுத்தான் நிறுப்பார்கள்.