பிள்ளைக்குத் தன் பெயரை எழுதப் பழக்குவது எப்படி?

மூன்று வயது முடிந்ததும் சிலேட்டை வாங்கிக் கொடுத்து, கையைப் பிடித்து 'அ' போடவைப்பதுதான் நம் வீடுகளில் வழக்கம். சுழி, வளைவு, நெட்டைக்கோடு எல்லாம் ஒரே எழுத்தில் வருவதால் அந்தச் சின்னக் கைக்கு அது பெரும்பாடு. நான் சொல்வது, பெயரிலிருந்து தொடங்குங்கள். 247 எழுத்தும் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஆனால் எழுதவைக்க அவசரமும் வேண்டாம். எழுதிய பெயரைப் பார்த்து "இது என் பேரு" என்று பிள்ளை சொல்லும்வரை குச்சி அலமாரியிலேயே இருக்கட்டும்.

உதாரணத்துக்கு கோமதி என்ற பெயரை எடுத்துக்கொள்கிறேன். சங்கரன்கோவில் பக்கம் தெருவுக்கு நாலு கோமதி உண்டு.

முதலில், எந்தப் பெயர்?

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்துவிட்டு, மாமனார் பெயரை வாயால் சொல்லக் கூடாதென்று மருமகள் வேறு பெயரில் கூப்பிடுவது நம் பக்கம் உள்ளதுதான். ஆச்சிக்கு ராசா, அம்மாவுக்குத் தம்பி, பால்வாடி டீச்சருக்கு மட்டும் சண்முகவேல் என்றால் பிள்ளை எதைத் தன் பெயரென்று எடுத்துக்கொள்ளும்? கொஞ்ச நாள் எல்லோரும் சான்றிதழில் உள்ள பெயரையும் சேர்த்துக் கூப்பிடுங்கள். எழுதிக் காட்டும்போதும் அதே எழுத்தில்தான் காட்ட வேண்டும். இசக்கியம்மாள் போல நீளமான பெயரென்றால் 'இசக்கி' வரை இப்போதைக்குப் போதும்.

கண்ணுக்குப் பழக்குதல்

பாத்திரக் கடையில் பெயர் வெட்டித் தருவார்கள் அல்லவா, பிள்ளையின் எவர்சில்வர் தம்ளரில் அதன் பெயரை வெட்டி வாங்குங்கள். அப்பா தம்ளர், அக்கா தம்ளர் எல்லாம் ஒரே அளவாக இருந்தால் இன்னும் நல்லது. காலையில் பால் ஆற்றும்போது, "உன் தம்ளரை எடுத்துட்டு வா" என்று சொன்னால் போதும். பெயரைப் பார்த்துத்தான் எடுத்தாக வேண்டும். இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

கூடவே பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் இரண்டு அங்குல உயரத்தில் பெயரை எழுதி, பிள்ளையின் கண்மட்டத்தில் ஒட்டுங்கள். சில நாள் கழித்து கோமதி, இசக்கி என்று இரண்டு சீட்டுகளை வைத்து எது உன்னுடையது என்று கேளுங்கள். சரியாக எடுத்தால் அடுத்து கோமதியோடு கோபாலை வையுங்கள். பல பிள்ளைகள் முதல் எழுத்தை மட்டும் பார்த்து எடுப்பார்கள், அது இங்கே தெரிந்துவிடும். தடுமாறினால் திட்ட வேண்டாம். கடைசி எழுத்தைத் தொட்டுக் காட்டினால் போதும்.

எழுத்து எழுத்தாக

சீட்டை கோ, ம, தி என்று மூன்றாக வெட்டிக் கலைத்துப் போட்டு அடுக்கச் சொல்லுங்கள். 'கோ'வைக் கொம்பு வேறு, கால் வேறு என்று வெட்டிவிடாதீர்கள். பிள்ளையின் காதுக்கு அது ஒரே ஒலி.

திருநெல்வேலி புதிய பஸ் ஸ்டாண்டுக்குப் போனால் பஸ் போர்டுகளில் எழுத்து தேடச் சொல்லலாம். கோவில்பட்டி பஸ்ஸில் கோ, மதுரை பஸ்ஸில் ம, திருச்செந்தூர் பஸ்ஸில் தி. உங்கள் பிள்ளையின் பெயருக்கு எந்த ஊர் பஸ் என்று முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

விரலுக்கு வலு

சப்பாத்தி மாவு உருட்டுவது, கோலத்துக்குப் புள்ளி வைப்பது, தரையில் பெரிதாக எழுதிய எழுத்தின் மேல் புளியமுத்தை வரிசையாக அடுக்குவது எல்லாமே விரலுக்குப் பயிற்சிதான். புளியமுத்து கையில் இருக்கும்போது மட்டும் பக்கத்திலேயே இருங்கள், மூக்கில் போட்டுக்கொள்வார்கள்.

மணலில் விரல்

விஜயதசமிக்கு அரிசியில் ஒருநாள் எழுதவைத்துவிட்டு விட்டுவிடுகிறோம். அதைத் தினமும் கொஞ்ச நேரம் செய்யலாம். அரிசியைவிட மணல் நல்லது, கோடு கலையாமல் நிற்கும். உடன்குடி, சாத்தான்குளம் பக்கம் இருப்பவர்களுக்குத் தேரி மணல் கிடைக்கும். மற்றவர்களுக்கு ரவை போதும். தாம்பாளத்தில் மெல்லிசாகப் பரப்புங்கள், விரல் போன வழியில் தட்டு பளிச்சென்று தெரிய வேண்டும். கனமாகக் கொட்டினால் ஓரம் சரிந்து எழுத்து மூடிவிடும். நீங்கள் பிள்ளைக்கு எதிரில் உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள். எதிரில் இருந்து எழுதினால் அதற்குத் தலைகீழாகத் தெரியும்.

சிலேட்டுக்கு வரலாம்

பெயரின் முதல் எழுத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று ஒன்றுமில்லை. இருப்பதில் எளிதான எழுத்து எதுவோ அதை முதலில் எடுங்கள். கோமதியில் அது 'ம'. நீங்கள் கோவையும் தியையும் எழுதி நடுவில் இடம் விடுங்கள், பிள்ளை ம போடட்டும். அது கைவந்ததும் தியையும் விட்டுவிடுங்கள். கோ கடைசியில்தான்.

கோ ஏன் கஷ்டம் என்றால், காதில் முதலில் விழுவது க், கை முதலில் போடுவது கொம்பு. பேச்சி, சைலா, வேலம்மாள் என்று பெயருள்ள பிள்ளைகளுக்கும் இதே சிக்கல்தான். "முதல்ல இரட்டைக்கொம்பு, அப்புறம் க, கடைசியா கால்" என்று வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி சொல்லிக்கொண்டே எழுதிக் காட்டுங்கள். பிள்ளையும் வாயால் சொல்லிக்கொண்டே போடப் பழகிவிடும்.

குச்சியைப் பாதியாக ஒடித்துக் கொடுங்கள். நீளக் குச்சியை முஷ்டியில் பிடிப்பார்கள். சின்னதாக இருந்தால் விரல் நுனியில் பிடித்தே ஆக வேண்டும். குச்சி தின்னும் பிள்ளைக்கு மெழுகு கிரேயான் துண்டும் தாளும் கொடுத்துவிடலாம்.

எழுத்து இடம்வலம் மாறி விழுந்தால் பயப்பட வேண்டாம், ஆறேழு வயதுவரை இது சகஜம். அழிக்காமல் பக்கத்தில் சரியாக எழுதிக் காட்டுங்கள். நொட்டாங்கைப் பழக்கம் இருந்தால், வீட்டுப் பெரியவர்கள் என்ன சொன்னாலும், தயவுசெய்து கையை மாற்றாதீர்கள்.

பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்திலும் பெயர் எழுதச் சொல்வார்கள். தமிழில் கைவந்த பிறகு அதைத் தொடங்குங்கள், முதல் எழுத்தை மட்டும் பெரிய எழுத்தாக வைத்து. இனிஷியல் எல்லாவற்றுக்கும் கடைசி. அது அப்பா பெயரின் எழுத்தா, அம்மா பெயரின் எழுத்தா என்று சொல்லி, அவர்கள் தம்ளரில் அந்த எழுத்தைக் காட்டிவிட்டு எழுதவையுங்கள்.