ஐரோப்பிய ஒன்றியத்தின் மென்சக்தி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐரோப்பிய ஒன்றியத்துக்கென்று தனிப் படை இல்லை, ஆகவே அது செய்வதெல்லாம் மென்சக்தி என்று பலர் எழுதிவிடுகிறார்கள். இங்கேதான் குழப்பம் ஆரம்பிக்கிறது. 1990-இல் அமெரிக்க அரசியல் அறிஞர் ஜோசப் நை இந்தக் கருத்தை முன்வைத்தபோது ஒரு கோடு போட்டார். மிரட்டாமல், காசு கொடுக்காமல், ஈர்ப்பால் மட்டுமே அடுத்தவர் மனத்தை நம் பக்கம் திருப்புவது மென்சக்தி. அந்தக் கோட்டின்படி பொருளாதாரத் தடை மென்சக்தி ஆகாது. நிபந்தனையோடு வரும் வர்த்தகச் சலுகையும் ஆகாது.

இலங்கையைப் பாருங்கள். மனித உரிமை உடன்படிக்கைகளைச் சரியாக நடைமுறைப்படுத்தவில்லை என்று 2010 ஆகஸ்டில் ஜிஎஸ்பி பிளஸ் என்ற இறக்குமதி வரிச் சலுகையை ஒன்றியம் நிறுத்தியது. 2017 மே மாதம்தான் அது திரும்பக் கிடைத்தது. அந்த நிபந்தனைக்கு வலு தந்தது ஐரோப்பாவின் மீதான அபிமானம் அல்ல. இலங்கையின் ஆடைகளை வாங்கும் ஐரோப்பாவின் பெரிய சந்தைதான். ஆப்பிள் 2023-இல் ஐபோன் 15-க்கு யூஎஸ்பி-சி வைத்ததற்குப் பின்னால் இருந்ததும் சந்தையின் பலம்தான். கைபேசிகளுக்கு ஒரே வகைச் சார்ஜர் என்ற ஒன்றியத்தின் விதி 2024 டிசம்பரில் அமலுக்கு வரவிருந்தது.

சரி, உண்மையான ஈர்ப்பு எப்படி இருக்கும்? 2013 நவம்பரில் உக்ரைன் அதிபர் யானுகோவிச் ஒன்றியத்துடனான உடன்பாட்டில் கையெழுத்திடாமல் பின்வாங்கியதும், கீவ் நகரச் சதுக்கத்தில் மக்கள் ஒன்றியத்தின் நீலக் கொடியோடு திரண்டார்கள். அது ஈர்ப்பு.

அந்த ஈர்ப்பு தானாக நீடிக்கும் என்று நம்புவது அடுத்த தவறு. என் பார்வையில் இதுதான் பெரிய தவறும்கூட. ஒன்றியத்தின் கையில் இருப்பதிலேயே வலுவானது உறுப்பினராகச் சேர்த்துக்கொள்வோம் என்ற வாக்குறுதி. வடக்கு மாசிடோனியா 2005-லேயே வேட்பாளர் நாடு ஆனது. 'மாசிடோனியா' என்ற பெயருக்கு கிரீஸ் தெரிவித்த ஆட்சேபத்தைத் தீர்க்க, அந்நாட்டுடன் செய்த பிரெஸ்பா ஒப்பந்தப்படி 2019-இல் நாட்டின் பெயரையே மாற்றிக்கொண்டது. இதைவிட ஒரு நாட்டிடம் என்ன கேட்க முடியும்? அதே ஆண்டு அக்டோபரில் உறுப்பினர் சேர்க்கைப் பேச்சுக்கு பிரான்ஸ் முட்டுக்கட்டை போட்டது. 2020 நவம்பரில் மொழியையும் வரலாற்றையும் காரணம் காட்டி பல்கேரியா தடுத்தது. 2022 ஜூலையில் ஒருவழியாகப் பேச்சு தொடங்கியது. ஆனால் அரசியல் சாசனத்தைத் திருத்தி அதில் பல்கேரியர்களையும் குறிப்பிட வேண்டும் என்ற நிபந்தனை கூடவே வந்தது. 2024 தேர்தலில் அந்தத் திருத்தத்தை எதிர்த்த கட்சிதான் வென்றது. அந்த மக்கள் மேல் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒன்றியத்தின் தலைமையகம் இருக்கும் நகரை வைத்து "பிரஸ்ஸல்ஸ் முடிவு செய்தது" என்று எழுதுவதிலும் கவனம் வேண்டும். வர்த்தகக் கொள்கை ஒன்றியத்தின் அதிகாரம். பேச்சுவார்த்தையை ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் நடத்தும். வெளியுறவு அப்படி இல்லை. பெரும்பாலான முடிவுகளுக்கு 27 அரசுகளின் ஒருமித்த சம்மதம் தேவை. 2017 ஜூனில் சீனாவின் மனித உரிமை நிலை குறித்து ஐநா மனித உரிமைகள் பேரவையில் ஒன்றியம் வெளியிடவிருந்த அறிக்கையை கிரீஸ் ஒன்றே நிறுத்தியது. ஆகவே ஒன்றியத்தின் வெளியுறவுக்கான உயர் பிரதிநிதி கயா கல்லாஸின் பேச்சை ஒரு நாட்டு வெளியுறவு அமைச்சரின் பேச்சைப் போல எடைபோடக் கூடாது. அப்புறம், ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பியப் பேரவை 46 நாடுகளைக் கொண்ட வேறு அமைப்பு. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அதைச் சேர்ந்தது, ஒன்றியத்தைச் சேர்ந்ததல்ல.

கடைசியாக, ஒன்றியம் தன்னைப் பற்றிச் சொல்வதையே அளவுகோலாக எடுத்துக்கொள்வது. 2012-இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது உண்மை. 2022 அக்டோபரில் அன்றைய உயர் பிரதிநிதி யோசெப் பொரெல் ஐரோப்பாவைத் தோட்டம் என்றும், வெளியுலகின் பெரும்பகுதியைக் காடு என்றும் பேசி, பிறகு வருத்தம் தெரிவிக்க நேர்ந்ததும் உண்மை. மென்சக்தி எவ்வளவு என்பது கேட்பவர் மனத்தில்தான் தெரியும். கோவிட் தடுப்பூசிக் காப்புரிமையைத் தளர்த்தக் கோரி 2020-இல் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் வைத்த கோரிக்கையை ஒன்றியம் எதிர்த்தது. 2022 மார்ச்சில் ரஷ்யாவைக் கண்டித்த ஐநா பொதுச்சபைத் தீர்மானத்தில் அந்த இரு நாடுகளுமே வாக்களிக்காமல் ஒதுங்கின. அதற்குச் சொந்தக் காரணங்கள் பல உண்டு; தடுப்பூசி விவகாரம்தான் காரணம் என்று முடிச்சுப் போட முடியாது. ஆனால் ரஷ்யாவைக் கண்டிக்க ஒன்றியம் விடுத்த அழைப்பு அவற்றை அசைக்கவில்லை என்பது தெளிவு. 2023 அக்டோபரில் காஸா போர்நிறுத்தத் தீர்மானம் அதே சபைக்கு வந்தபோது ஒன்றிய நாடுகளே மூன்றாகப் பிரிந்தன: 8 ஆதரித்தன, 4 எதிர்த்தன, 15 ஒதுங்கிக்கொண்டன.