டென்மார்க் போகிறீர்களா? மரியாதையைக் கொஞ்சம் குறையுங்கள்

டென்மார்க்குக்கு வேலையாகப் போகிற நம்மவர்கள் சறுக்குவது பெரும்பாலும் மரியாதை கூடிப்போகிற இடத்தில்தான். மின்னஞ்சலை 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கி அரைப் பக்கம் நலம் விசாரித்தால் அங்கே யாருக்கும் மனம் குளிர்ந்துவிடாது. 'இவருக்கு என்னதான் வேண்டும்' என்று தேடத் தொடங்குவார்கள். பெயரைச் சொல்லி அழையுங்கள், போதும். நிறுவனத் தலைவருக்கும் அதேதான், பேராசிரியருக்கும் அதேதான். பிரதமரையே பலர் முதல் பெயரில்தான் குறிப்பிடுகிறார்கள்.

பட்டங்களை அடுக்குவதும் எடுபடாது. 'நீ பெரிய ஆள் என்று நினைத்துக்கொள்ளாதே' என்கிற மனப்பாங்குக்கு அங்கே 'யான்டே சட்டம்' என்று பெயர். 'யான்டே' என்பது அக்செல் சாண்டமூசெ 1933இல் எழுதிய நாவலில் வரும் கற்பனை ஊரின் பெயர். இளைய தலைமுறை அதைக் கிண்டல் செய்தாலும், பெருமை பேசுகிறவரைக் கண்டால் அவர்களுக்கும் முகம் சுளிக்கும். உங்கள் விளக்கவுரையின் முதல் பத்து ஸ்லைடுகள் நிறுவனம் வாங்கிய விருதுகளைப் பற்றியவை என்றால், எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பதினொன்றாவதில் தொடங்குங்கள்.

கூட்டங்களில்தான் உண்மையான சேதாரம். மேலாளர் ஒன்று சொல்வார். நேற்று வேலைக்குச் சேர்ந்த இளைஞர் 'அது சரிவராது' என்பார். மேலாளர் தலையாட்டிக் குறித்துக்கொள்வார். இதைப் பார்த்துத் திகைத்து நாம் வாயை மூடிக்கொண்டால், அது சம்மதம் என்று கணக்கில் ஏறிவிடும். அதைவிட மோசம், முடியாத தேதிக்கு 'முடிச்சிடலாம்' என்று சொல்வது. நமக்கு அது ஒரு ஆறுதல் வார்த்தை; அவர்கள் அதை வைத்துத் தங்கள் வேலையைத் திட்டமிட்டுவிடுவார்கள். 'இரண்டு வாரம் கூடுதலாக வேண்டும்' என்று முதல் நாளே சொன்னால் ஒருவரும் கோபிப்பதில்லை. கடைசி நாளில் சொன்னால் அடுத்த முறை உங்கள் பேச்சுக்கு மதிப்பிருக்காது. கூட்டம் முடிந்தபின் மேலாளரைத் தனியாகப் பிடித்து முடிவை மாற்றப் பார்ப்பதும் வேண்டாம். கூடிப் பேசி எடுத்த முடிவை அவர் தன்னிச்சையாக மாற்றமாட்டார்.

நேரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலான வேலைகளுக்கு வாரம் 37 மணி நேரம். நான்கு மணி வாக்கில் அலுவலகம் காலியாகும். குழந்தைகளைக் கூட்டிவர வேண்டும் என்று மேலாளரே கூட்டத்தின் நடுவில் எழுந்து போவார். எட்டு மணி வரை உட்கார்ந்து உழைப்பைக் காட்டினால், வேலையைத் திட்டமிடத் தெரியாதவர் என்ற பெயர்தான் மிஞ்சும். காலண்டரையும் மாற்றிக்கொள்ளுங்கள். அவர்கள் தேதியைவிட வார எண்ணில், அதாவது ஆண்டின் எத்தனையாவது வாரம் என்ற கணக்கில், பேசுவார்கள்: '34ஆம் வாரம் சந்திப்போமா?' கைப்பேசி நாட்காட்டியில் வார எண் தெரியும்படி அமைத்துக்கொள்வது விசா எடுப்பதற்கு அடுத்த முக்கியமான வேலை. ஜூலை நடுவில், 28 முதல் 30ஆம் வாரம் வரை, பாதி நாடு விடுமுறையில் இருக்கும். 42ஆம் வாரம் பள்ளிகளுக்கு இலையுதிர்கால விடுமுறை. அந்த நாட்களில் ஒப்பந்தக் கையெழுத்தை எதிர்பார்த்து விமானச்சீட்டு எடுத்தால் பணம்தான் வீண்.

மதிய உணவு பதினொன்றரைக்கே தொடங்கிவிடும், அரை மணி நேரம்தான். ரை (rye) என்ற தானியத்தில் செய்த ரொட்டியின் மேல் மீனோ இறைச்சியோ அடுக்கிய 'ஸ்மர்ப்ரட்' வந்தால் கையால் எடுக்காமல் கத்தி, முள்கரண்டியால் சாப்பிடுங்கள். தட்டை அவரவர்தான் எடுத்து வைக்க வேண்டும், தலைவர் உட்பட.

விலை உயர்ந்த பரிசு, பட்டுச் சால்வை, பொன்னாடை எதுவும் வேண்டாம். ஊழல் குறைந்த நாடுகளின் பட்டியலில் முதல் வரிசையிலேயே இருக்கும் நாடு. பரிசு வாங்குகிறவருக்குத்தான் சங்கடம். ஒரு டப்பா இனிப்பைப் பொது மேசையில் வைத்தால் எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். அரசு அலுவலகத்தில் 'கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க' என்பதும் வேண்டாம். இதில் தமிழர்களுக்கு ஒரு நேரடித் தொடர்பு உண்டு. 1980களின் இறுதியில் இலங்கைத் தமிழ் அகதிகள் தங்கள் குடும்பத்தை அழைத்துக்கொள்ளக் கொடுத்த விண்ணப்பங்களை, நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன் சட்டத்துக்குப் புறம்பாகக் கிடப்பில் போட வைத்தார். விசாரணை அறிக்கை வந்ததும் 1993 ஜனவரியில் பிரதமர் பௌல் ஷ்லூட்டர் பதவி விலகினார்; 1995இல் அமைச்சருக்கு நிறுத்திவைக்கப்பட்ட நான்கு மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. 'தமிழர் வழக்கு' என்றால் அங்கே நடுத்தர வயதைத் தாண்டியவர்களுக்கு இன்றும் தெரியும். கோப்புகளை நிறுத்தியதற்கே அரசு கவிழ்ந்த ஊரில், நம் கோப்பு ஒன்றை முந்தி நகர்த்தச் சொல்லிக் கேட்பதில் அர்த்தமில்லை.

வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தால் அது பெரிய விஷயம். ஆறு மணி என்றால் ஆறு மணி. பத்து நிமிடம் முன்னால் போனாலும் அழைத்தவர் சமையலறையில் தடுமாறுவார். வாசலில் காலணியைக் கழற்றுவது நமக்குப் புதிதில்லை. ஆனால் 'இன்னும் கொஞ்சம்?' என்று கேட்கும்போது நாசூக்காக 'வேண்டாம்' என்றால் கதை முடிந்தது, இரண்டாம் முறை கேட்கமாட்டார்கள். பசித்தால் முதல் தடவையே வாங்கிக்கொள்ளுங்கள். கோப்பையை உயர்த்தி 'ஸ்கோல்' சொல்லும்போது கண்ணைப் பார்க்க வேண்டும்; குடித்தபின் மறுபடியும் ஒருமுறை. தண்ணீர்க் கோப்பையை உயர்த்தினாலும் போதும், ஏன் குடிக்கவில்லை என்று விளக்கத் தேவையில்லை. சாப்பிட்டுக் கை கழுவியதும் கிளம்புவது அங்கே முகத்தில் அறைந்த மாதிரி. காபி, பேச்சு, மெழுகுவர்த்தி என்று மேசையிலேயே மூன்று நான்கு மணி நேரம் ஓடும், அதற்குத்தான் அழைத்தார்கள்.

தெருவில் கவனிக்க வேண்டியது சைக்கிள் பாதை. நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவில் இருக்கும் அந்தப் பாதையில் நின்று படம் பிடித்தால், அதுவரை மென்மையாகப் பேசிய டேனிஷ்காரர் கத்துவதைக் கேட்கலாம். வாடகைச் சைக்கிள் எடுத்தால், நிற்கும் முன் கையை உயர்த்திக் காட்டுங்கள். உணவகத்தில் சேவைக் கட்டணம் விலையிலேயே அடக்கம், டிப்ஸ் கட்டாயமில்லை. குளிரில் கஃபே வாசலில் தள்ளுவண்டிக்குள் குழந்தை தனியாகத் தூங்கினால் போலீஸைக் கூப்பிடாதீர்கள். வெளிக்காற்று நல்லது என்று அப்படித்தான் தூங்கவைக்கிறார்கள். பெற்றோர் உள்ளேதான் இருப்பார்கள். 1997இல் நியூயார்க்கில் இதையே செய்த ஒரு டேனிஷ் தாய் கைதானபோது, ஊரில் இருந்தவர்களுக்கு அவர் செய்த குற்றம் என்னவென்றே விளங்கவில்லை.